பெருக்கம் வேறு, பலம் வேறு

'கெயின்' என்ற சொல்லுக்கு ஆங்கில-தமிழ் அகராதியைப் புரட்டினால் லாபம், ஆதாயம் என்று போட்டிருக்கும். இரண்டுமே கூடக்கூட நல்லது என்று நினைக்க வைக்கும் சொற்கள். வீட்டிலேயே ஆம்ப்ளிஃபயர் செய்து பார்ப்பவர்கள் படும் பாடுகளில் பலவும் இந்த நினைப்பில்தான் தொடங்குகின்றன. மின்னணுவியலில் கெயின் என்றால் வெறும் பெருக்கம். உள்ளே வரும் சிக்னலின் வோல்டேஜை எத்தனை மடங்காக்கி வெளியே அனுப்புவது என்ற கணக்கு. அது ஆம்ப்ளிஃபயரின் பலம் அல்ல.

சென்னை ரிட்சி தெரு, மும்பை லேமிங்டன் ரோடு, பெங்களூரு எஸ்.பி. ரோடு, தில்லி லஜ்பத் ராய் மார்க்கெட் என்று எங்கே போனாலும் உதிரிபாகக் கடைகளில் பல காலமாகப் புழங்கும் ஐ.சி. ஒன்று உண்டு: டி.டி.ஏ. 2030. ஐந்தே கால்கள். கூடவே சில ரெசிஸ்டர், கண்டென்சர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் பற்றவைத்து முடித்துவிடலாம். செல்போனை இணைத்தால் பாட்டு வருகிறது. ஆனால், 'சவுண்டு பத்தலை'. உடனே யாராவது ஒரு யோசனை சொல்வார்: 'அந்த 680 ஓம் ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு 330 போடு.'

கணக்குப்படி யோசனை சரிதான். இந்தச் சர்க்யூட்டில் பெருக்கத்தை முடிவு செய்பவை இரண்டே ரெசிஸ்டர்கள். பெரியது 22 கிலோ ஓம், சிறியது 680 ஓம். பெரியதைச் சிறியதால் வகுத்து ஒன்றைக் கூட்டினால் 33 மடங்கு வரும். 680-க்குப் பதில் 330 போட்டால் 68 மடங்கு. பெருக்கம் இரட்டிப்பாகிவிட்டது. பலம்?

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். இங்கே சட்டி என்பது பவர் சப்ளை. பிளஸ் 14, மைனஸ் 14 வோல்ட் சப்ளையில், 4 ஓம் ஸ்பீக்கருக்கு இந்த ஐ.சி. தரக்கூடியது சுமார் 14 வாட். வோல்டேஜில் சொன்னால் ஏறத்தாழ 7.5 வோல்ட். 33 மடங்குப் பெருக்கத்தில் 0.23 வோல்ட் உள்ளே வந்தாலே அந்த எல்லையைத் தொட்டுவிடும். ஹெட்ஃபோன் துளையுள்ள பல செல்போன்கள் அரை வோல்ட் அளவுக்குத் தருகின்றன. சி.டி. பிளேயர் 2 வோல்ட் வரை தரும். பெருக்கத்தை 68 ஆக்கினால் 0.11 வோல்ட்டிலேயே எல்லை வந்துவிடும். ஆனால் 14 வாட் அதே 14 வாட்தான். முன்பு வால்யூம் திருகைப் பாதி திருப்பிக் கேட்ட சத்தம் இப்போது கால் திருப்பிலேயே வருகிறது. காது அதைக் கூடுதல் பலம் என்று நம்பிவிடுகிறது.

எல்லையைத் தாண்டித் திருப்பினால் அலையின் உச்சி வெட்டுப்படுகிறது. பாட்டு கரகரக்கிறது. வெட்டுப்பட்ட அலையில், மூலப் பாட்டில் இல்லாத உயர் அதிர்வுகள் முளைக்கின்றன. சராசரிச் சக்தியும் கூடுகிறது. மெல்லிய கம்பிச்சுருள் கொண்ட ட்வீட்டர் கருகிப்போவதற்கு இது வழிவிடும். ஐ.சி. போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். நல்ல ஸ்பீக்கரின் விலை அப்படியல்ல. முதல் முயற்சியிலேயே வீட்டு ஸ்பீக்கரைக் கருக்கிய பிள்ளை, இந்தத் துறை தனக்கு ஒத்துவராது என்று சால்டரிங் அயர்னைப் பரணில் போட்டுவிடுவதும் உண்டு. அது இன்னும் பெரிய நஷ்டம்.

சரி, பெருக்கத்தை இஷ்டத்துக்குக் குறைத்துவிடலாமா? அதற்கும் ஒரு கீழ் எல்லை இருக்கிறது. இந்த ஐ.சி.க்குக் குறைந்தது 24 டெசிபெல், அதாவது 16 மடங்கு தேவை. அதற்கும் கீழே இறக்கினால், காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் அது தானாகவே ஊசலாடத் தொடங்கலாம். பாட்டே போடாதபோதும் ஐ.சி. கொதிக்கும். காரணம் புரியாமல் ஹீட் சிங்க்கைப் பெரிதாக்குவார்கள்.

பெருக்கத்தை விட்டுக்கொடுப்பது ஒரு கலை என்பதை உலகுக்குச் சொன்னவர் ஹெரால்டு பிளாக். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்து என்ஜினியர். தொலைதூர டெலிபோன் தடத்தில் வரிசையாக ஆம்ப்ளிஃபயர்களை வைத்தால், ஒவ்வொன்றின் கோளாறும் அடுத்ததில் சேர்ந்து பேச்சு சிதைந்துபோகும். 1927 ஆகஸ்ட் 2-ஆம் தேதி காலை, வேலைக்குப் போக ஹட்ஸன் நதியைப் படகில் கடந்துகொண்டிருந்த பிளாக்குக்கு விடை தோன்றியது. கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் ஒரு பக்கத்திலேயே அதைக் குறித்துக்கொண்டார். வெளியே வருவதில் ஒரு பகுதியைத் திருப்பி, உள்ளே வருவதற்கு எதிராகக் கொடுப்பது என்பதுதான் அந்த விடை. பெருக்கம் வெகுவாகக் குறையும். கூடவே கோளாறும் குறையும். காப்புரிமை கிடைக்க 1937 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உங்கள் போர்டில் உள்ள 22 கிலோ ஓமும் 680 ஓமும் செய்வது அதே வேலையைத்தான். சிறியதை மேலும் சிறிதாக்கும்போது, பிளாக் தேடிக் கண்ட தூய்மையில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறீர்கள்.

பிறகு என்னதான் செய்வது? முதலில் அளந்து பாருங்கள். மில்லிவோல்ட் வரை ஏ.சி. காட்டும் மல்டிமீட்டர் போதும். செல்போனில் 50 ஹெர்ட்ஸ் சைன் அலை ஒலிக்கோப்பை முழு வால்யூமில் ஓடவிட்டு, அது தரும் வோல்டேஜைக் குறித்துக்கொள்ளுங்கள். 7.5-ஐ அதனால் வகுத்தால் தேவையான பெருக்கம் கிடைக்கும். அரை வோல்ட் என்றால் 15 மடங்கு. ஐ.சி.யின் கீழ் எல்லை 16. பாட்டுகள் இந்தச் சோதனை அலையைவிடத் தணிந்தே பதிவாகியிருக்கும் என்பதால் கொஞ்சம் மிச்சம் வைக்கலாம். சிறிய ரெசிஸ்டரை 1 கிலோ ஓம் ஆக்கினால் 23 மடங்கு. இது போதும். மிஞ்சுவதை வால்யூம் திருகு பார்த்துக்கொள்ளும். மூலத்தில் கூட்டி, ஆம்ப்ளிஃபயரில் குறைத்துக் கேட்டால் இரைச்சலும் அடங்கும்.

மூலமே பலவீனமாக இருந்தால் கதை வேறு. இசைத்தட்டு ஊசி தருவது சில மில்லிவோல்ட்தான். அதற்குத் தனியாக ஒரு ப்ரீ ஆம்ப்ளிஃபயரை முன்னால் வைக்க வேண்டும். பவர் ஐ.சி.யின் தலையில் அந்தச் சுமையை ஏற்றக் கூடாது.

இத்தனைக்குப் பிறகும் சத்தம் போதவில்லையா? ஸ்பீக்கரைப் பாருங்கள். பெட்டியில்லாமல் மேஜைமேல் கிடக்கும் ஸ்பீக்கரில் முன்பக்க அலையும் பின்பக்க அலையும் ஒன்றையொன்று தின்றுவிடும். கனமான ஒலி வராது. காதுக்கு இரு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் சக்தி ஏறத்தாழ பத்து மடங்காக வேண்டும். 14 வாட்டை 140 ஆக்குவதைவிட, 3 டெசிபெல் கூடுதல் திறனுள்ள ஸ்பீக்கரை வாங்குவது மலிவு. அது ஆம்ப்ளிஃபயரை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். அந்தப் பலனை எந்த ரெசிஸ்டரை மாற்றினாலும் பெற முடியாது.