வெண்ணெய் ஆவடியில், நெய்க்கு ரஷ்யா



இந்தியத் தரைப்படையில் ஏறத்தாழ 2,400 எண்ணிக்கையில் உள்ள டி-72 ரக டாங்கிகளின் 780 குதிரைத்திறன் எஞ்சினுக்குப் பதிலாக 1,000 குதிரைத்திறன் எஞ்சினைப் பொருத்தும் பொருட்டு, ரஷ்ய அரசின் ஆயுத ஏற்றுமதி நிறுவனமான ரோசோபோரோன்எக்ஸ்போர்ட்டுடன் பாதுகாப்பு அமைச்சகம் 2025 மார்ச் 7 அன்று 24.8 கோடி டாலர், அதாவது அன்றைய மதிப்பில் 2,100 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட ஒப்பந்தம் ஒன்றைச் செய்துகொண்டது. எஞ்சின்கள் முழுமையாகவும், பாதி இணைக்கப்பட்டும், பாகம் பாகமாகப் பிரிக்கப்பட்டும் வந்து சேரும் என்றும், தொழில்நுட்பம் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைக்கு மாற்றித் தரப்பட்டு, உரிமம் பெற்ற உற்பத்தி பின்னர் அங்கே நடைபெறும் என்றும் அறிவிக்கப்பட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் திருவள்ளூர் மாவட்டத்துக்கு இது நல்ல செய்திதான். ஆனால் 2018-இல் அதே ஆவடியில் நடந்த விழாவை மறவாதவர்களுக்கு இது எளிதில் செரிக்கக்கூடிய செய்தி அன்று.

2018 ஜூலை 28 அன்று, ஆவடி எஞ்சின் தொழிற்சாலையில், அன்றைய பாதுகாப்பு அமைச்சர் நிர்மலா சீதாராமன், முற்றிலும் உள்நாட்டிலேயே உருவானவை என்ற அறிவிப்போடு இரண்டு எஞ்சின்களைப் படையிடம் ஒப்படைத்தார். ஒன்று டி-72 டாங்கிக்கான 780 குதிரைத்திறன் வி-46-6. மற்றொன்று டி-90 டாங்கிக்கான 1,000 குதிரைத்திறன் வி-92எஸ்2. பன்னிரண்டு சிலிண்டர்கள் வி வடிவில் அமைந்த ஒரே சோவியத் கொடிவழியில் வந்தவை இவ்விரண்டும். முன்னதில் காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் சூப்பர்சார்ஜர், எஞ்சினின் சுழல்தண்டிலிருந்தே தனக்கான ஆற்றலை எடுத்துக்கொள்கிறது. பின்னதில் அந்த வேலையை, வெளியேறும் புகையின் விசையால் சுழலும் டர்போசார்ஜர் செய்கிறது. கூடுதல் திறனுக்கு இம்மாற்றம் ஒரு முதன்மையான காரணம்.

தேவையைப் பற்றி வழக்கில்லை. நாற்பது டன்னுக்கு மேல் எடையுள்ள டி-72 டாங்கியின் மேல், குண்டு தாக்கும்போது வெளிநோக்கி வெடித்து அதன் வேகத்தைக் குலைக்கும் கவசப் பெட்டிகளும் பிற்காலத்தில் ஏற்றப்பட்டன. கிழக்கு லடாக்கின் மெல்லிய காற்றிலும் அது பணியில் ஈடுபடுத்தப்பட்டது. திறன் கூட்டத்தான் வேண்டும். எழுகிற கேள்வி வேறு: 1,000 குதிரைத்திறன் எஞ்சினை முழுக்க இங்கேயே செய்துவிட்டதாக 2018-இல் அறிவித்த அரசு, அதே திறனுக்கு 2025-இல் வெளிநாட்டிடம் தொழில்நுட்பம் கேட்டது ஏன்? எஞ்சின் தொழிற்சாலையும் கனரக வாகனத் தொழிற்சாலையும் 2021 அக்டோபர் 1 முதல் ஏவிஎன்எல் என்ற ஒரே பொதுத்துறை நிறுவனத்தின் கீழ் இயங்குகின்றன என்பதால், இருவேறு நிர்வாகங்களுக்கு இடையே நேர்ந்த குழப்பம் என்றும் இதைத் தள்ளிவிட இயலாது. வி-92எஸ்2 டி-72-க்குப் பொருந்தாது என்றால் அதைச் சொல்லலாம். டி-90 தேவைக்கே உற்பத்தி சரியாக இருக்கிறது என்றால், இந்த ஒப்பந்தப் பணம் முதலில் போக வேண்டிய இடம் எஞ்சின் தொழிற்சாலையின் உற்பத்திக்கூடமே. டி-72-இன் இடத்தை நிரப்பவிருக்கும் புதிய டாங்கித் திட்டத்துக்கு 2024 செப்டம்பரிலேயே கொள்கை ஒப்புதல் வழங்கப்பட்டுவிட்ட நிலையில், ஓய்வை நோக்கிச் செல்லும் ஒரு வண்டிக்காகப் புதிதாக ஓர் உரிமத்தை வாங்குவது எத்தனை ஆண்டுப் பயனுக்கு என்பதும் சொல்லப்பட வேண்டியதே.

இந்த ஒப்பந்தத்தின் விளைவு ஆவடியோடு நிற்பதில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலைகளும், காக்களூர் சிட்கோவின் லேத், சிஎன்சி பட்டறைகளும் இத்தகைய வேலைக்கு வரவேண்டுமானால், அச்சு செய்து, ஜிக் அமைத்து, மாதிரி உருப்படியைத் தர ஆய்வுக்கு அனுப்பித் தேற வேண்டும்; முதல் பில் கிடைக்கும் முன்பே முதலீடு முடங்கும். ஆர்டர் தொடரும் என்ற உறுதியில்லாமல் அதற்குத் துணிபவர் யார்? மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் தம் கொள்முதலில் 25 விழுக்காட்டைச் சிறு, குறு தொழில்களிடம் வாங்க வேண்டும் என்ற விதி உண்டு. இறக்குமதியாகும் போர்த்தளவாடங்களைப் பாதுகாப்பு அமைச்சகத்தின் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்ற விலக்கும் அதே ஆணையில் உண்டு. சிறு பட்டறைக்காரர் கேட்டுச் சிரிக்கத்தக்க ஏற்பாடு.

படைக் கருவிகளுக்குக் கணக்குக் கேட்பதில் ஒரு வெளிநாட்டு எடுத்துக்காட்டு உண்டு. சுழலிகளைச் செங்குத்தாகவும் கிடையாகவும் திருப்பிப் பறக்கும் அமெரிக்காவின் ஆஸ்பிரே விமானம் 2023 நவம்பரில் ஜப்பான் அருகே விழுந்து எட்டுப் பேர் இறந்தபின், பற்சக்கரப் பெட்டியின் கோளாறு குறித்த விசாரணை அறிக்கை வெளியிடப்பட்டது. அந்நாட்டு நாடாளுமன்றத் துணைக்குழு 2024 ஜூனில் அதிகாரிகளைப் பொதுவெளியில் விசாரித்தது. பயன்பாட்டில் உள்ள கருவிக்கு அங்கே இப்படிக் கணக்குக் கேட்கப்படுகிறது. இங்கே, பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு ஏவிஎன்எல் அதிகாரிகளை அழைத்து, 2018-இல் ஒப்படைக்கப்பட்ட எஞ்சினின் உண்மையான உள்நாட்டுப் பங்கு எவ்வளவு, 2025 ஒப்பந்தத்தில் இம்மாவட்டப் பட்டறைகளுக்கு வரும் வேலை எவ்வளவு என்ற இரண்டையும் பெற்று, அறிக்கையாக அவையில் வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், கும்மிடிப்பூண்டி