கூடைக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மினி பஸ் திட்டம் பற்றிய உங்கள் கட்டுரையோடு முழுக்க உடன்படுகிறேன். 1997-இல் தொடங்கிப் பல ஊர்களில் தேய்ந்துபோன அந்தச் சேவைக்கு 2025 ஜூனில் தஞ்சாவூரில் மறுபடியும் உயிர் கொடுத்தார்கள். அது பழவேற்காடு ஏரியோரம் உள்ள எங்கள் குப்பங்களுக்கும் வர வேண்டும்.

நான் மீன் விற்கும் குடும்பத்தைச் சேர்ந்தவள். ஏரி இறாலும் நண்டும் ஐஸ் கரைவதற்குள் பொன்னேரிக்குப் போய்ச் சேர வேண்டும். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எங்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் தண்ணீர் சொட்டும் அன்னக்கூடையைப் பார்த்ததும் "அடுத்த வண்டியில வாம்மா" என்று விசில் கொடுத்துவிடும் நடத்துநர்களும் உண்டு. அடுத்த வண்டி எப்போது வரும்? ஷேர் ஆட்டோ பிடித்தால் ஆளுக்கு ஒரு காசு, கூடைக்கு ஒரு காசு. அன்றைய லாபத்தில் பாதி அதிலேயே போய்விடும்.

பொன்னேரியில் மின்சார ரயில் ஏறினால் வியாபாரிகளுக்கென்று தனிப் பெட்டி இருக்கிறது. கூடையை இறக்கிவைத்து நிம்மதியாக உட்காரலாம். அதேபோல், பழவேற்காடு தடத்தில் விடியற்காலைப் பேருந்து ஒன்றிலாவது பின்பக்க இருக்கைகளை எடுத்துவிட்டுக் கூடைக்கு இடம் ஒதுக்கலாம். மாலையில் பொன்னேரிக்கு ரயில் வந்து பத்து நிமிடம் கழித்துப் பேருந்து கிளம்பட்டும். கூனங்குப்பம், அரங்கங்குப்பம் வழியாகப் பாலம் தாண்டி ஒரு மினி பஸ் விட்டால் பள்ளிப் பிள்ளைகளும் அதிலேயே போய்வருவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
லைட்ஹவுஸ் குப்பம், பழவேற்காடு.