படமும் நிரலும் ஓரிடத்தில்

மாணவ நண்பர்களே, நிரல் எழுதுமுன் பாய்வுப்படம் வரைய வேண்டும் என்று படித்திருப்பீர்கள். ஆனால் நிரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, ரெக்கார்டு நோட்டுக்காகப் பிறகு படம் வரைபவர்களே அதிகம். (நானும் அப்படிச் செய்தவன்தான்!) நிரலில் ஒரு வரியை மாற்றினால் தாளிலுள்ள படம் பொய்யாகிவிடுகிறது, அதை நம்புகிறவர் ஏமாறுகிறார்.

1963-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர் ஐவன் சதர்லண்ட் உருவாக்கிய ஸ்கெட்ச்பேடில், ஒளிப்பேனாவால் திரையில் இரு கோடுகளை வரைந்து, அவை இணையாக இருக்க வேண்டும் என்று சொன்னால், கணிப்பொறியே திருத்தி அமைத்துவிடும். அங்கே படமே ஆணை! 2007-இல் வெளிவந்த ஸ்கிராட்ச்சில் வண்ணக் கட்டைகளைப் பொருத்தினால் அதுவே நிரல்.

பெரிய நிரல்களுக்கு எழுத்தே வசதி என்பார்கள். உண்மைதான், ஆயிரம் கட்டைகளைத் திரையில் யார் தேடுவது? ஆகவேதான், நிரல் எழுதும் கருவிக்குள்ளேயே படக்கருவியும் இருந்து, ஒன்றை மாற்றினால் மற்றதும் தானே மாற வேண்டும் என்கிறேன்.