ஜெபமும் வேண்டும், ஆஸ்பத்திரியும் வேண்டும்

சில ஆண்டுகளுக்கு முன் மும்பையில் எங்கள் பகுதியில் ஓர் உபவாச ஜெபக்கூட்டம் நடந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைக்க வந்து, ஏறக்குறைய 20 வருடங்களாக நாள் தவறாமல் குடித்துவந்த ஒருவர், "இனி தொடமாட்டேன்" என்று சபை முன்னால் முழங்காலிட்டு வாக்குக் கொடுத்தார். அவர் மனைவி தேம்பி அழுதார். நாங்கள் எல்லோரும் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டோம்.

மூன்றாம் நாள் இரவு அந்த வீட்டிலிருந்து அலறல். சுவரெல்லாம் எறும்பு ஊர்கிறது என்கிறார். செத்துப்போன தகப்பனார் வாசலில் நிற்கிறார் என்கிறார். உடம்பு நடுங்குகிறது, வேர்வை கொட்டுகிறது. குடிப்பிசாசுதான் போக மறுக்கிறது என்று நினைத்து, கையையும் காலையும் பிடித்துக்கொண்டு ஜெபித்தோம். பக்கத்து வீட்டு நர்ஸ் அம்மா ஓடி வந்தார். நாகர்கோவில்காரர். "அண்ணாச்சி, இது பேயும் இல்லை, பிசாசும் இல்லை. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க. இல்லைன்னா ஆளே மிஞ்சமாட்டார்" என்று அதட்டினார். தூக்கினோம், பிழைத்தார். அன்று நான் பட்ட வெட்கமே இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

நர்ஸ் அம்மா சொன்னதைப் பிறகு மருத்துவர்களும் விளக்கினார்கள். மது மூளையின் வேகத்தை அடக்குகிறது. வருடக்கணக்கில் குடித்தால், அந்த அடக்குமுறையைச் சமாளிக்க மூளை தன் வேகத்தைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. மதுவைத் திடீரென்று நிறுத்தினால், கூட்டிய வேகம் கட்டுக்கடங்காமல் போகிறது. முதலில் கை நடுக்கம், தூக்கமின்மை, சிலருக்கு வலிப்பு, 2 முதல் 4 நாட்களுக்குள் புத்தி தடுமாற்றமும் இல்லாத உருவங்களும். எல்லோருக்கும் இப்படி வராது. வந்தவருக்குச் சிகிச்சை இல்லையென்றால் உயிரே போகலாம். ஆகவே பல காலம் அதிகமாகக் குடித்தவர் மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்தவேண்டும்.

மனதுக்கு வரும் கேடு இதோடு முடிவதில்லை. நிதானமாக யோசிக்கும் திறனும், ஆசையை அடக்கும் திறனும் மங்குகின்றன. மனச்சோர்வு பிடிக்கிறது. மனைவிமேல் காரணமில்லாத சந்தேகம் சிலருக்கு வருகிறது. வைட்டமின் பி1 சத்து குறைந்து ஞாபகசக்தியே கெட்டுப்போவதும் உண்டு. நேற்று நடந்தது நினைவில் நிற்காமல், விட்டுப்போன இடத்தைக் கற்பனையால் நிரப்பிப் பேசுவார். வேண்டுமென்றே புளுகுகிறார் என்று நாம் ஏசுவோம். காலத்தோடு சிகிச்சை செய்து குடியையும் விட்டால், கெட்டதில் பலவும் மாதக்கணக்கில் மெல்லத் தேறும் என்பது ஆறுதல்.

நீதிமொழிகள் 23-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனங்களை அதற்குப் பிறகு எடுத்து வாசித்தேன். கண் விபரீதமானவற்றைக் காண்பதும், நடுக்கடலில் படுத்தவன்போல் தள்ளாடுவதும், அடிபட்டும் வலி தெரியாததும், விழித்ததும் மறுபடி அதையே தேடுவதும் அங்கே வரிசையாக இருக்கின்றன. எத்தனையோ முறை கேட்ட பகுதிதான். குடிகாரனைக் கண்டிக்க மட்டுமே அதைப் பயன்படுத்தி வந்தோம். அவனுக்குள் நடப்பதை அது எவ்வளவு துல்லியமாகச் சொல்கிறது என்று கவனிக்கவில்லை.

அப்படியானால் குடி பாவமில்லையா என்று சிலர் கேட்கலாம். வெறிகொள்வது தவறென்று வேதம் தெளிவாகவே சொல்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எந்த மனதால் மனந்திரும்பவேண்டுமோ, அந்த மனதையே மது சிதைத்துவிடுகிறது. கால் ஒடிந்தவனை ஓடச் சொல்லிவிட்டு, ஓடவில்லை என்று கோபிப்பது நியாயமா? வாக்குத் தவறிய ஒவ்வொரு முறையும் அவன் வெட்கப்பட்டு, அந்த வெட்கத்தை மறக்கவே மீண்டும் குடிக்கிறான்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. தட்டிக்கேட்கத் தாய்மாமன் இல்லை, பெரியப்பா இல்லை. ஊருக்குப் போன் செய்தால், "எல்லாரும் சுகம்" என்றுதான் மனைவி சொல்கிறாள். மகளின் கல்யாணம் தடைப்படுமே என்ற பயம். நாலு சுவருக்குள் அவள் ஒருத்தியே எல்லாவற்றையும் சுமக்கிறாள். இது கிறிஸ்தவ வீடுகளில் மட்டும் நடப்பதல்ல. பாட்டிலுக்கு மதம் கிடையாது.

சபைகளுக்கும் சங்கங்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். ஒருவர் குடியை விட முன்வந்தால், அன்றே அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல இரண்டு பேர் வேண்டும். பெங்களூர் நிமான்ஸ் போன்ற மனநல மருத்துவமனைகளில் இதற்கென்றே தனிப்பிரிவு இருக்கிறது. மத்திய அரசின் 14446 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கேட்கலாம். 1935-இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளத் தொடங்கியதில் பிறந்த ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் நம் பெருநகரங்களிலும் நடக்கின்றன. மனைவி மக்களுக்கு ஆறுதல் சொல்லும் வேலை நம்முடையது.

நல்ல சமாரியன் அடிபட்டுக் கிடந்தவனிடம், இந்த வழியில் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. காயத்தைக் கட்டினான், சத்திரத்தில் சேர்த்தான், செலவுக்குப் பணம் கொடுத்தான், திரும்பி வருவேன் என்றும் சொன்னான். அன்றைய கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போன நாங்கள், அந்த மனிதரை வழியிலேயே விட்டுவிட்டுப் போனோம். இனி அப்படிப் போகாதிருப்போம்.