விறகு பொறுக்கிய விருந்தாளி



அப்போஸ்தலர் நடபடிகள் 28ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம், பவுலின் கையைக் கவ்விய விரியன் பாம்பின்மேலேயே நம் கண் நிற்கிறது. அதற்கு முந்திய காரியத்தைக் கடந்துபோய்விடுகிறோம். கப்பற்சேதத்துக்குத் தப்பி, நனைந்து நடுங்கியபடி மெலித்தா தீவில் கரையேறியவர்கள் 276 பேர். முன்பின் அறியாத தீவார் அவர்களுக்கு நெருப்பு மூட்டிக் கொடுத்தார்கள். அந்த நெருப்புக்குப் பவுலும் விறகு பொறுக்கிப் போட்டார்.

டிசம்பர் விடுமுறையில் நம் சபையார் சிலர் இராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் செல்ல ஆயத்தமாகிறார்கள். நல்லது, போய் வாருங்கள். ஆனால், இடிந்து நிற்கும் ஆலயச் சுவரின்முன் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள்.

1964 டிசம்பர் 22 இரவில் புயல் அவ்வூரை அழித்தது. பயணிகளோடு ஒரு ரயிலையே கடல் கொண்டுபோயிற்று. வாழத் தகுதியற்ற இடமென்று அரசு அறிவித்தது. ஆயினும் மீனவக் குடும்பங்கள் அங்கே குடிசை போட்டு, வலை வீசியும், சிப்பி மாலை கோத்தும், மீன் வறுத்து விற்றும் பிழைக்கின்றன. அரிச்சல்முனைக்கு 2017இல் தார்ச்சாலை திறக்கப்படும்வரை, மணலில் வேன் ஓட்டிப் பயணிகளை அழைத்துச் சென்றவர்களுக்கு அதுவே வருமானம். இப்போது நாம் சொந்தக் காரிலேயே முனைவரை போய்விடுகிறோம். 2020 ஊரடங்கில் வருவோரே இல்லை. பின்பு 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6இல் புதிய பாலம் திறக்கும்வரை ரயில்கள் இக்கரையோடு நின்றுவிட்டன. நிலைய வாசலையே நம்பியிருந்த ஆட்டோக்காரரை எண்ணிப்பாருங்கள்.

"அவர்கள் எதையும் தாங்கிக்கொள்வார்கள்" என்று புகழ்வதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் புகழ்ச்சிக்கு நமக்கு ஒரு காசும் செலவில்லை. புயல் எச்சரிக்கை நாட்களில் நம் கொட்டிவாக்கம் கடற்கரையில் வியாபாரம் எப்படிப் படுத்துவிடும் என்பதை நாம் அறியாதவர்களா? அப்படியிருந்தும் சிப்பி மாலைக்கு ஐம்பது ரூபாய் சொன்னால் முப்பதுக்குக் கேட்கிறோம். சுங்கச்சாவடியில் மட்டும் நாம் பேரம் பேசுவதில்லை.

ஒரு நாளாவது தீவிலேயே தங்குங்கள். மதிய உணவை அந்தக் குடிசைக் கடைகளில் வைத்துக்கொள்ளுங்கள். பயண ஏற்பாட்டைக் கவனிக்கும் சகோதரர்கள், வழக்கமாக வேனில் ஏற்றும் சமையல் பாத்திரங்களை இம்முறை ஆலயத்திலேயே விட்டுச் செல்லும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.