ஸ்பீக்கருக்கு ஆகாத உப்புக் காற்று

புத்தளத்திலிருந்து கற்பிட்டி வீதியில் போகிறவர்களுக்கு நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தூரத்திலேயே தெரியும். 900 மெகாவாட் நிலையம். அங்கே பிறக்கும் கரண்ட் எத்தனையோ கோபுரங்களையும் டிரான்ஸ்போமர்களையும் தாண்டித்தான் வீட்டுக்கு வருகிறது. கடைசி ஒன்றரை மீட்டருக்கு மட்டும் விலையுயர்ந்த வயர் போட்டால் பாட்டு துலங்கும் என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். வாங்குகிறவர்களும்தான்.

அப்படியானால் காசை எதில் போடுவது? சண்டை பழையது. 1973இல் ஸ்கொட்லாந்தில் தொடங்கிய லின் நிறுவனம், இசைத்தட்டைச் சுழற்றும் கருவிக்கே முதலிடம் என்றது. ஊசி எடுக்கத் தவறியதை எந்த ஸ்பீக்கர் மீட்டுத் தரும்? அந்தக் காலத்துக்கு அது நியாயமான பேச்சு. 1982இல் சீடி வந்ததும் வாதம் வலுவிழந்தது. இன்று ஒரு நல்ல ஃபோனே போதும்.

அம்ப்ளிஃபயரின் கதையும் அதுவே. நல்லதொன்றில் ஒலிச் சிதைவு 0.1 சதவீதத்துக்கும் கீழே. ஸ்பீக்கரோ கீழ்ப் பாஸில் 1 சதவீதத்தை எளிதில் தாண்டிவிடும். வாட் கணக்கிலும் மயங்க வேண்டாம்: 50 வாட்டை 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபெல்தான். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஃபுளோய்ட் டூல், எந்தப் பெட்டி பாடுகிறது என்று தெரியாதபடி மறைத்துவைத்துப் பலரைக் கேட்கச் செய்தார். பெயரும் விலையும் மறைந்ததும், எந்த ஸ்வரத்தையும் கூட்டாமல் குறைக்காமல் ஒலித்த ஸ்பீக்கர்களுக்கே பெரும்பாலும் மதிப்பெண் விழுந்தது.

ஆகவே முதல் செலவு ஸ்பீக்கருக்கு. அடுத்தது அறைக்கு, அதற்குப் பெரிய காசு வேண்டியதில்லை.

கரையோரத்துப் புதுவீடுகளில் தரை டைல்ஸ், சுவர் சீமெந்து, யன்னல் கண்ணாடி. பாடகரின் சொல் எதிரொலியில் கரைந்துபோகும். தடித்த கம்பளமும் கனத்த திரைச்சீலையும் அதைப் பெரிதும் அடக்கும். பாஸ் அவற்றுக்கு அடங்காது. 12 அடி நீள அறையில் சுமார் 47 ஹெர்ட்ஸ் ஒலி தானாகவே ஓங்கி முழங்கும். பெட்டி மூலையில் இருந்தால் இன்னும் மோசம். இரண்டடி முன்னே இழுத்துவைத்துக் கேட்டால் வித்தியாசம் புரியும். வீட்டிலுள்ளவர்கள் சம்மதிப்பார்களா என்பது வேறு கதை.

கடலோரத்தில் இன்னொரு தொல்லை உண்டு. உப்புக் காற்றில் வயர் முனைகள் பச்சைக் களிம்பு பிடிக்கும். ஸ்பீக்கர் கூம்பைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் ஈரப்பதத்தில் பொடிந்துபோகும். ரப்பர் வளையம் அதைவிட நெடுநாள் தாங்கும். பழைய ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்கள் முன்வலையைக் கழற்றி, வளையத்தை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ உதிர்ந்தாலோ, புது வளையம் ஒட்டும் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.