சேத்துல மோட்டாரை முறுக்கச் சொல்லாதீங்க

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைப் பார்க்க வர்ற பட்டணத்துச் சொந்தங்களே, படகுல ஏறினதும் "அண்ணே, வேகமாப் போங்க"ன்னு கத்துறதை நிறுத்துங்க. கோரையாறும் பாமணியாறும் கொண்டுவந்து கொட்டுற வண்டல்ல லகூன் பல இடத்துல இடுப்பளவுதான். கடல் வாங்கினா அதுவும் இல்லை.

அவுட்போர்டு மோட்டார் வெளித்தண்ணியை உறிஞ்சித்தான் தன் சூட்டை ஆத்திக்கும். சேத்தை உறிஞ்சினா உள்ளே பம்போட ரப்பர் தேஞ்சிடும். பின்னாடி பீச்சுற தண்ணி நின்னா இன்ஜின் கொதிக்குதுன்னு அர்த்தம். போன மாசம் என் மச்சான் படகுல அதான் நடந்துச்சு. வந்தவங்க அவசரப்படுத்த, இவரும் முறுக்கிட்டாரு. அன்னைக்கு வாங்கின வாடகை ரிப்பேருக்கே பத்தலை.

நான் வயக்காட்டுச் சேத்துல பொழப்பு நடத்துறவன். டிராக்டருக்கே கேஜ் வீல் மாட்டாம இறக்க மாட்டேன். படகுக்காரர் மோட்டாரைத் தூக்கிட்டுக் கழி ஊன்றினா மட்டும் "எண்ணெய் மிச்சம் பிடிக்கிறாரு"ன்னு உங்களுக்குச் சிரிப்பு! நேரமில்லைன்னா கரையிலேயே போட்டோ எடுத்துட்டுக் கிளம்புங்க. மச்சான் கடன் வாங்கிப் பம்பு மாத்தியிருக்காரு. அடுத்து அவர் படகுல ஏறுறவங்க அவர் கழியை எடுத்தா கம்முனு உட்காருங்க.